ஏலப் பொருள் எண் 114

மூடியின் மேல் ஒரு ஏரி.
என் உள்ளங்கைக் குழிக்குள் அடங்கிவிடும் நீர்.
நீலம், அதற்கடுத்த நீலம், பிறகு மலை,
கரை தள்ளி ஆளில்லாத படகு.
சுற்றிலும் பாதியாய் அறுத்த முத்துகள்;
மூன்று உதிர்ந்துவிட்டன.
முகப்பில் துருக்கி எண்கள்.
இஸ்தான்புல் வரை போய்
யார் யார் இடுப்பிலோ இருந்துவிட்டு
செய்த ஊருக்கே விலைக்கு வந்திருக்கிறது.

நான் ஜெனீவாவில், ரோன் நதிக்கரையில்,
ஏல நிறுவனத்தில் குறை எழுதுகிறவன்.
அழகை மற்றவர்கள் எழுதுவார்கள்.
கீறல், நசுங்கல், மாற்றிப் போட்ட முள்,
அது என் பத்தி.

செய்தவர் பெயர் உள்தட்டில் பளிச்சென்று:
ரொஷ்மோன் சகோதரர்கள்.
விளக்கக் கையேட்டில் அவர்களுக்கு இரண்டு பக்கம்.
மதத்துக்காக சேவென் மலையிலிருந்து தப்பி வந்த பாட்டன்,
கோட்டின் உள்துணியில் தைத்துக் கொண்டுவந்த அரங்கள்,
நகை ஆகாது என்று சட்டம் போட்ட ஊரில்
மணி பார்க்கத்தானே என்று
தங்கத்தைச் சட்டைப்பைக்குள் நுழைத்த சாமர்த்தியம்.
ஐந்து தலைமுறைப் படங்கள்.
எல்லோருக்கும் ஒரே மூக்கு.

ஏரியைச் செய்தவள் அதில் இல்லை.
அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில்
கரிக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவில் இருக்கிறாள்:
"ஜூடித் வெர்நெஜூல். மூடி ஒன்று.
ஏழாம் சூட்டில் வெடிப்பு. கூலியில் பாதி பிடித்தம்."
ஒன்பது நாள் கழித்து, வேறு கையெழுத்தில்:
"மேற்படி மூடி. எட்டாம் சூடு. குறை இல்லை.
பாதி திருப்பித் தரப்பட்டது."

குறை இல்லையா?

லென்ஸை இறக்கினேன்.
படகின் விளிம்பிலிருந்து ஒரு மயிரிழை
நீருக்குள் போகிறது.
வெடிப்பேதான். அடித் தங்கம் வரை பிளந்திருக்கிறது.
அதன்மேலேயே நடந்திருக்கிறது தூரிகை,
விலகாமல், பழுப்பில்.
மேல்நுனியில் சாய்வாக ஒரு கோல்.

தூண்டில்.

இஸ்தான்புல் வியாபாரியின் கடிதத்தில் ஒரு நிபந்தனை உண்டு:
மனித உருவம் கூடாது.
கூடாதென்றால் கூடாது.
கோலைப் படகில் சாய்த்து வைத்துவிட்டு
மீன்பிடிப்பவனை அவள் கூப்பிடவே இல்லை.

ஐந்தாம் மாடி, கூரைக்கு அடியில் உலை.
எடுத்து வைத்த மூடி ஆறும்போது
டிக் என்று கேட்டிருக்கும்.
இயந்திரம் இன்னும் உள்ளே வைக்கப்படவில்லை.
அந்த ஓசையோடு அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள்,
பாதிக் கூலியில் என்னென்ன வாங்க முடியாது என்று எண்ணினாளா,
வெறுமனே ஜன்னல் வழியாக
நிஜ ஏரியைப் பார்த்தாளா,
கணக்குப் புத்தகத்தில் இல்லை.

மேலாளர் துஃப்ரெனுவா எட்டிப் பார்த்தார்.
"வெடிப்பு என்று எழுதினால்
மூன்றில் ஒரு பங்கு விலை போய்விடும், தெரியுமல்லவா?"
தெரியும்.
இருபத்தாறு வருடமாக ஒரு வெடிப்பையும் நான் விட்டதில்லை.

எழுதினேன்:
"படகிலிருந்து நீர் வரை வெடிப்பு;
செய்தவளே தூண்டிலாக்கியது."
செய்தவளே என்பதை அடித்துவிட்டுப்
பெயரை எழுதினேன், முழுதாக.

பிறகு சாவி கொடுத்துப் பார்த்தேன்.
நாற்பது நிமிடம் ஓடி நின்றது.
அதையும் எழுதினேன்.