பத்தாக்காவில் நாற்பது

ஃபர்வானியாவிலிருந்து இரண்டு பஸ் மாறி
தினமும் வருகிறேன், கட்டிகளுக்குக் கணக்கு எழுத.
பெயர், தேசம், இடமா வலமா,
அளவு மில்லிமீட்டரில்.
வயதை மட்டும் நான் கேட்பதில்லை.
பத்தாக்காவை மெஷினில் செருகினால்
தானே வந்து நிற்கும்.

சந்தனமாரிக்கு நாற்பது வந்து நின்றது.

ஜஹ்ராவில் ஒரு வீட்டில்
ஒன்பது வருடமாகச் சமையல், துணி, இரண்டு குழந்தைகள்.
கூட்டிவந்த டிரைவர் காரிலேயே இருந்துவிட்டார்.
தமிழ் தெரிந்தவள் அந்த மாடியில் நான் ஒருத்தி.
பதிவேட்டை மூடிவிட்டுப் போனேன்.

டாக்டர் ஹனான் ஒரு தாளில் கோடு வரைந்தார்:
இடது முனை தாழ்ந்து, நடுவில் மேடாகி,
வலது முனையில் மறுபடி சரிகிற கோடு.
"ரொம்ப இளசில் வந்தால் கட்டிக்கு அவசரம் அதிகம்.
ரொம்ப முதுமையில் வந்தால் உடம்புக்குத் தெம்பு குறைவு.
நாற்பதும் ஐம்பதும் மேட்டு நிலம்.
இவள் மேட்டில் நிற்கிறாள், சொல்லு."
சொன்னேன்.
அவர் ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தார்.
"ஆனால் இது ஓடுகிற ஓட்டம்
நாற்பதின் ஓட்டமாக இல்லையே."
இதை நான் சொல்லவில்லை.
அவளுக்கு எப்படியோ புரிந்துவிட்டது.
பாத்ரூம் எங்கே என்று கேட்டாள்.

உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், சத்தத்துக்கு.
ஐப்பசியிலும் கொதிக்கிற தண்ணீர்.
"அக்கா, எனக்கு முப்பத்து மூணு.
முப்பது நெறையாம வீட்டு வேலைக்கு விடமாட்டானாம்.
ஏஜென்ட்டு ஏழு வருசம் போட்டுக் குடுத்தான்,
வருசத்துக்கு ஆயிரம்.
கம்மல வித்துத்தான் வயசு வாங்குனேன்."

சொன்னால் பிடித்துக்கொள்வார்களா என்றாள்.
எனக்குத் தெரியவில்லை.
சொல்லாவிட்டால்?
அதுவும் தெரியவில்லை.

ஆவி படிந்த கண்ணாடியில்
அந்தக் கோட்டை அப்படியே விரலால் இழுத்தாள்.
"இப்ப நான் எங்க இருக்கேன்?"
மேட்டிலிருந்து இடப்பக்கம் இறக்கிக் காட்டினேன்.
"எவ்ளோ கீழ?"
"ஒரு விரற்கடை."

கோடு கூட்டத்துக்குப் போட்டது,
உனக்கென்று எவரும் வரையவில்லை
என்று சொல்லியிருக்கலாம்.
பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது.

திரும்பி வந்து, என்னை எதிர்பார்க்காமல்
அடுப்படியில் கற்ற அரபியில் அவளே சொன்னாள்:
தலாத்தா வ தலாத்தீன்.
டாக்டர் பேனாவை வைத்தார்.
எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.
பிறகு கேள்விகளே வேறாகிவிட்டன.
அக்கா தங்கை உண்டா, அம்மா எதில் போனார்,
இனி பிள்ளை வேண்டுமா.
கடைசிக் கேள்விக்கு அவள் சிரித்தாள்.
ஃபைலின் உள்மடிப்பில் பென்சிலால் முப்பத்து மூன்று.
மருந்துச் சீட்டு கிழிந்து, புதிது எழுதப்பட்டது.

கம்ப்யூட்டரில் மாற்ற எனக்கு அதிகாரமில்லை.
அங்கே அவள் நாற்பதுகளோடு உட்கார்ந்திருக்கிறாள்.
பிழைத்தால் அவர்கள் கணக்கில் ஒரு வரவு.
இல்லையென்றால் மேடு ஒரு மயிரிழை தாழும்,
எந்த ஊர் அறிஞருக்கும் காரணம் தெரியாது.
தெலுங்கில், சிங்களத்தில்
இன்னும் எத்தனை பேர்
ஏஜென்ட் எழுதிய வயதில் படுத்திருக்கிறார்களோ.
பழைய பக்கங்களைப் புரட்டும்போது
இப்போதெல்லாம் எந்த நாற்பதையும் நம்புவதில்லை.

மார்கழி. மூன்றாவது டிரிப்.
ஊசி ஏற்றுமுன் நர்ஸ் பிறந்த தேதி கேட்கிறாள்.
பத்தாக்காத் தேதியைத் தடுமாறாமல் ஒப்பிக்கிறாள்,
கம்பளித் தொப்பிக்குள் தலை அரிக்கிறது என்கிறாள்,
பிறகு என் பக்கம் திரும்பி:
"நெசமாவே நாப்பது ஆக
இன்னும் எத்தன மாசம்க்கா?"

பிறந்தநாள் போய் இரண்டு மாதம்.
கால்குலேட்டரில் போட்டேன்.
எண்பத்திரண்டு.

"எம்பத்ரெண்டு சம்பளம்" என்றாள்,
சொட்டுகளைப் பார்த்துக்கொண்டு.