எட்டாம் பாகத்தில் கடைசித் தாள் இல்லை

பரந்தன் சந்திக்குக் கிழக்கே,
காற்றுக்குக் கூரைத்தகடு அடிக்கும் நூலகத்தில்
இரண்டு வருசமாய்
அதிகம் வெளியே போய்வருகிறவள் ரேவாதான்.
சென்னைப் பாலங்களின் கீழே
இரத்தக்காட்டேரிகளைத் தேடிக் கொல்கிறவள்.
எட்டுப் பாகம். ஒவ்வொன்றும் செங்கல் மொத்தம்.
முத்திரை குத்துவது நான்,
ஆகவே எல்லா அபிப்பிராயமும்
என் மேசையில்தான் வந்து விழும்.

“வண்டியில பாய்ஞ்சு ஏறினாள், வண்டி பறந்தது
எண்டு கிடக்கு,” என்றார் ஓட்டோக்காரர் குகதாசன்.
“மூண்டு பாகம் மட்டும் நான்
மாட்டு வண்டில் எண்டு நினைச்சனான்.”
மோட்டார் சைக்கிள் என்று தெரிந்தபின்
அவருக்கு வேறு குறை:
எட்டுப் பாகத்திலயும் ஒருக்காவது
பெற்றோலுக்கு வரிசையில நிண்டவளோ?

வாசலில் உள்ளி மாலை தொங்கவிடும் பக்கத்தில்
யாரோ பென்சிலால்
கிலோ விலையை எழுதி, ஓர் ஆச்சரியக்குறி.
கையெழுத்தை எனக்குத் தெரியும்.
அபராதம் கேட்கவில்லை.
விலை சரி.

அன்ரனிற்றாவுக்கு ஆஸ்பத்திரி இரத்த வங்கியில் வேலை.
“இவ்வளவு குடிச்சா
அந்த ஆள் அடுத்த பக்கத்தில கதைக்கேலாது.
வகை பாக்காமல் குடிக்கினம்,
ஒருத்தனுக்கும் நடுக்கம் வரேல்ல.”
கொஞ்சம் பொறுத்து,
“ஆறாம் பாகம் நல்லம்.
இரவு வேலையில ரெண்டு தரம் வாசிச்சனான்.”

சுவேந்தினி முகமாலையில் கண்ணிவெடி எடுக்கிறவள்.
ரேவாவை அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது.
“இருட்டுக்குள்ள ஓடிப்போய்க் கதவை உதைக்கிறாள்.
நிலத்தைப் பாக்கிறேல்ல.
எங்கட அணியில எண்டா
முதல் கிழமையே வீட்டை அனுப்பியிருப்பினம்.”
சொல்லிக்கொண்டே ஏழாம் பாகத்தைப்
பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.
மாசி மாதம். இன்னும் திருப்பித் தரவில்லை.

அஞ்சாம் பாகத்தில் அவள்
ஒரு காட்டேரியைக் கட்டிப்பிடித்ததில் இருந்து
ஆடைத் தொழிற்சாலைப் பெட்டையள்
பஸ்ஸில் இரண்டு கட்சி.
ஜன்னல் பக்கம்: கொல்லத்தான் வேணும்.
மற்றப் பக்கம்: நானூறு வருசம் தனிய இருந்தவன், பாவம்.
வெயில் பட்டால் எரிகிறவனுக்கு
ஆதவன் என்று பெயர் வைத்தவரைத் திட்டும்போது மட்டும்
ஒரே குரல்.

“கூப்பிடாமல் உள்ள வராதாம்!”
தவமலர் சிரித்தாள்.
மூன்று கம்பனியில் கிழமைக் கடன் எடுத்தவள்.
“வியாழக்கிழமை வாறவனும் அப்பிடித்தான்.
படலையில நிண்டு
‘அக்கா, உள்ள வரலாமோ’ எண்டு மரியாதையாக் கேப்பான்.
நான்தான் கதிரை போட்டுக் குடுத்தனான்.
எழுதினவருக்கு விசயம் தெரிஞ்சிருக்கு.”

லோகநாயகி அக்கா கருத்துச் சொல்லுகிற ஆள் இல்லை.
பாகத்துக்கு ஒரு மாதம் எடுப்பா.
நாலாம் பாகத்தைத் தந்த அன்று மட்டும்
“கண்ணாடியில விழேல்ல எண்டவுடன
ஆள் உயிரோட இல்லை எண்டு முடிவு கட்டுறாள்.
அது பிழை” என்றா.
குடையோடு சேர்த்து
மகனின் படம் ஒட்டிய மட்டையைப் பிடித்திருந்தா.
கந்தசாமி கோயிலடிக்குப் போக பஸ் வருகிற நேரம்.
நான் திகதியைக் குத்தினேன்.
மை பிடிக்கவில்லை.
திரும்பக் குத்தினேன்.

எட்டாம் பாகத்தில் கடைசித் தாள் இல்லை.
வரும்போதே இல்லையோ, இங்கே கிழிந்ததோ.
சுரங்கப் பாதைக்குள் இறங்குகிறாள் ரேவா.
“அப்போது அவளுக்குப் பின்னால்”
என்று வசனம் நின்றுவிடுகிறது.
பின்னால் ஆர் என்று
ஆளுக்காள் என்னிடம் வந்து கேட்கிறார்கள்.
ஆதவன் என்கிறது பஸ்ஸின் ஒரு பக்கம்.
வியாழக்கிழமைக்காரன் என்கிறாள் தவமலர்.
“பின்னால எவனும் நிக்கட்டும்,” சுவேந்தினி,
“முதல்ல காலுக்குக் கீழ பாக்கச் சொல்லுங்கோ.”

என் கருத்தை ஒருவரும் கேட்கவில்லை.
சுரங்கத்தின் இரும்புக் கதவை
ஒவ்வொரு பாகத்திலும் அவளுக்குத் திறந்துவிட்டு
விடியுமட்டும் வெளியே நிற்கிற காவலாளிக்கு
எட்டுப் பாகத்திலும் பெயர் இல்லை.
பின்னால் அவன் என்றுதான்
நினைக்கிறேன். திறப்போடு.
ஐந்து மணிக்கு யன்னல்களைச் சாத்தினேன்.
கூப்பிடாமலே
நுளம்புகள் உள்ளே வந்திருந்தன.