படத்துக்குச் சம்பளம்

பதினொரு வருஷம் நான் அவருக்குப் பெண்டாட்டி,
திங்கள் முதல் வெள்ளி வரை, இரவு எட்டரைக்கு.
காபி கொடுத்ததேயில்லை.
காலி டம்ளர்தான் கொடுப்பேன்.
அதை ஊதி ஊதிக் குடித்து
நாக்கைச் சுட்டுக்கொள்வார் மாசிலாமணி.
கேமராமேன் சிரித்து ஃபிரேம் ஆடிவிடும்.
மறுபடி எடுப்போம்.
மறுபடி வேறொரு இடத்தில் சுடும் அவருக்கு.

அயனாவரத்துக்காரர். மின்வாரியத்தில் கணக்கெடுப்பு.
ஊரார் மாடிப்படிகளுக்கு அடியில்
இருபது வருஷம் டார்ச்சோடு குனிந்த முதுகு.
சனி ஞாயிறு சபா நாடகம்.
பெரம்பூரில் ஒருநாள் வசனம் மறந்து
வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்:
"ரீடிங் தப்பும்மா!"
தகரக் கொட்டகை அதிர்ந்ததாம்.
அதற்கப்புறம் அவர் போகிற இடத்துக்கெல்லாம்
அந்த வரி முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது.
ரேஷன் கடையில், பிராட்வே பஸ்ஸில்,
பிரஷர் பார்த்த நர்ஸ்கூட
பட்டையை அவிழ்த்தபடியே சொன்னாளாம்,
சார், ரீடிங் தப்பு.
தப்பில்லை. நூற்றெண்பது.

எங்கள் வீடு வளசரவாக்கத்தில்,
மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பங்களா.
மதியம் அதே சோபாவில்
வேறொரு சேனலின் மாமியார் மயங்கி விழுவாள்.
சுவர்க் காலண்டரில் மாதக்கணக்காக ஒரே செவ்வாய்க்கிழமை.
அவருக்கு ஒரே கட்டம்போட்ட சட்டை.
துவைத்தால் சாம்பார்க் கறை போய்விடும், கன்டினியூட்டி கெடும் என்று
அப்படியே சுருட்டிப் பூட்டிவைப்பான் காஸ்ட்யூம் பையன்.
என் வீட்டுக்காரர் வியர்வையைவிட
அந்தச் சட்டை எனக்கு அதிகம் பழக்கம்.

பிறகு சம்பளம் கேட்டார்.
நாளொன்றுக்கு எழுநூறு ரூபாய் கூடுதலாக.
வியாழக்கிழமை வந்த சீன் பேப்பரில்
அவருக்கு மாரடைப்பு,
போனில் தகவல் வருவதாக.
வெள்ளிக்கிழமை சுவரில் படம்,
பிளாஸ்டிக் சந்தன மாலை, சுற்றிலும் சீரியல் பல்பு.

நான் அழ வேண்டும். கிளிசரின் போட்டாயிற்று.
லைட் ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிறார் இறந்தவர்,
பாக்கிப் பணம் வாங்க வந்தவர்.
கையில் டம்ளர்.
ஊதுகிறார்.

எட்டு டேக் ஆனது அன்றைக்கு.

மாதக் கடைசியில் ஆபீஸ் மேஜையில் வவுச்சரை வைத்தார்.
"இருபத்திரண்டு நாள் என் படம் நடிச்சிருக்கு.
அதுல பதினாலு குளோசப்.
நான் செத்தேன், சரி. அது வேலை பார்க்குதே?"
மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார்.
இவர் சிரிக்கவில்லை.
இருட்டில் எண் படிக்கிறவன் முகம்
எப்படியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கொடுக்கவில்லை.
ஆனால் டிஆர்பி படுத்துவிட்டது.
நாலு மாதத்தில் துபாயிலிருந்து வந்து இறங்கினார்
இரட்டைப்பிறவித் தம்பி, மீசை வைத்துக்கொண்டு.
முதல் காட்சியே அண்ணன் படத்துக்கு மாலை.
இந்த முறை கோயம்பேட்டு மல்லிகை, நிஜப் பூ.
போட்டுவிட்டு நின்றார். நின்றுகொண்டேயிருந்தார்.
டைரக்டர் கட் சொல்ல மறந்துபோனார்.
பிறகு படத்தின் காதோரம் குனிந்து,
"உனக்கு எவ்வளவு தர்றாங்க?"
பேப்பரில் இல்லாத வரி. அப்படியே ஒளிபரப்பினார்கள்.

தொடர் முடிந்ததும்
அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் போனார்.
அம்சவேணி, அவருடைய அசல் மனைவி,
ஹாலில் ஆணி அடிக்க விடவில்லை.
உயிரோடிருக்கிற மனுஷனுக்கு மாலையா, எடுங்கள் என்றாள்.
போன ஞாயிறு கூட்டிப்போய்க் காட்டினார்:
மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்கு மேலே,
காய்ந்த பூவோடு.

இரண்டு மாதத்துக்கொரு முறை
கணக்கெடுக்க ஒரு பையன் வருவானாம்.
இந்தத் தடவை ஆள் புதுசு.
செல்போன் வெளிச்சம் எண்ணிலிருந்து நழுவி
மேலே போய் நின்றுவிட்டதாம்.
"அடடா, நம்ம ரீடிங் தப்பு! எப்ப சார் தவறினாரு?"
என்று முதுகுக்குப் பின்னால் யாரையோ கேட்டுவிட்டு
இன்னும் திரும்பாமல் நிற்கிறான்.
யாரோ எதையோ
ஊதிக் குடிக்கிற சத்தம்.