இரண்டாம் குறிப்பாளர்

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்த தலைப்பு
மேற்கத்தியத் தொலைக்காட்சித் தொடர்களில்
கிறிஸ்தவர் காட்டப்படும் விதம்.
நூற்றுப் பத்துத் துண்டுக் காட்சிகள்,
செக்காலையில் ஒரு மாடி அறை,
நினைத்தபோது போகும் மின்சாரம்.

எக்செலில் கட்டங்கள் போட்டேன்:
வெளிவேடக்காரர்.
அறிவியல் என்றால் காதைப் பொத்துபவர்.
அடுத்தவர் படுக்கையறையை எட்டிப் பார்ப்பவர்.
சிரிக்கவே தெரியாதவர், அல்லது
சிரிப்பை நிறுத்தத் தெரியாத அசடு.
கேக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு
நரகத்தைப் பற்றிப் பேசும் பக்கத்து வீட்டுக்காரி.

சாவி தரும்போதே கேட்டார் வீட்டுக்காரர்:
"கிறிஸ்டியனா? அப்ப இங்கிலீசு நல்லா வருமே.
பையனுக்குச் சாயங்காலம் சொல்லிக்குடும்மா."
தேவகோட்டையில் தமிழ்வழியில் படித்தவள் நான்.
புதன்கிழமையை ஆங்கிலத்தில் எழுத
இன்றும் ஒரு நொடி பேனா நிற்கும்.
"வீட்டுல யாரு நர்ஸு?" என்றார் அடுத்து.
பொய் சொல்ல ஆசையாக இருந்தது.
அக்கா நர்ஸ்தான். மஸ்கட்டில்.

ஒருத்தி மட்டும் குறித்தால் செல்லாது என்றார் நெறியாளர்,
இன்னொரு கண்ணும் அதே காட்சிகளைப் பார்க்க வேண்டுமாம்.
கானாடுகாத்தானிலிருந்து பஸ் ஏறி
டிபன் பாக்ஸோடு வந்தாள் உண்ணாமலை.

காட்சி நாற்பத்தேழு.
ஒல்லியான ஒருவர், கழுத்துவரை பொத்தான்,
ஓட்டலில் தட்டு வந்ததும் கண்ணை மூடுகிறார்.
எதிரே மகள் மெனு அட்டையால் முகத்தை மறைக்கிறாள்.
சிரிப்பு.
'வெளிவேடம்' என்று குறித்தேன்,
அரை நொடிகூட ஆகவில்லை.
உண்ணாமலை மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள்.
"யாருடி அமலி சிரிக்கிறது?"
பதிவுசெய்த சிரிப்பு, அங்கே யாரும் இல்லை என்றேன்.
"ஆளே இல்லாமயா?"
அவள் கட்டங்கள் எல்லாம் காலி.
ஓரத்தில் மட்டும் எழுதியிருந்தாள்:
பசியோடு இருக்கிறார்.

தேவகோட்டை பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடையில்
அப்பா நெற்றியில் சிலுவை போடக் கை தூக்கியபோது
தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டிருக்கிறேன்,
வேண்டுமென்றே.
எனக்கு அப்போது பதினாலு.
பக்கத்து மேசையில் யாரும் சிரிக்கவில்லை.
சிரிப்பார்கள் என்று எனக்குக் கேட்டது.

எங்கள் இருவர் குறிப்பும் பாதிக்கு மேல் ஒத்துப்போகவில்லை.
"ஆளை மாத்துங்க" என்றார் நெறியாளர்,
"முதல்ல இவங்களை எப்படித் தேர்வு செஞ்சீங்கன்னு
மூணாம் அத்தியாயத்துல ஒரு வரி எழுதுங்க."

வாய்ப்பு முறையில் என்று எழுதி, அழித்தேன்.
ஆச்சி வீட்டுப் பெண்,
கணக்கில் பிசகு வராது என்று நினைத்தேன்.
அதுதான் முறை.
அவளிடமே சொன்னேன்.
"பிளஸ் டூ கணக்குல ரெண்டு தடவை பெயிலுடி நான்"
என்று டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.
நண்டு.

அந்த ஒரு வரி இன்னும் காலியாகக் கிடக்கிறது.
மின்விசிறி மெல்ல மெல்ல நிற்கிறது.
நாலு கோடு நோட்டோடு
வீட்டுக்காரர் பையன் படியேறி வருகிறான்.