படிவம்

கடந்த இரண்டு வாரங்களில்
எத்தனை நாள் உங்கள் தூக்கம் கெட்டது
என்று கேட்கிறது கல்லூரி அனுப்பிய கூகுள் படிவம்.
வட்டங்கள் நான்கு. ஒன்றைத் தொட வேண்டும்.

விடுதி மொட்டைமாடியில்
காயப்போட்ட பச்சை ஸ்க்ரப்களுக்கு நடுவே உட்கார்ந்து
சேர்வராயன் மலையைப் பார்க்கிறேன்.
மதியம் பெய்த மழை அதைக் கழுவி
பக்கத்தில் இழுத்து வைத்திருக்கிறது.
ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில்
ஒரே ஒரு வண்டி விளக்கு ஏறுகிறது.
ஊரடங்கில் யாருக்கு என்ன அவசரமோ.

பதினேழாம் படுக்கை,
வாழப்பாடி மரவள்ளி வியாபாரி,
மூக்கில் குழாயோடு கேட்டார்:
"நீ சாப்டியா பாப்பா?"
கண்ணாடிக்குள் வழிந்தது வேர்வையா வேறெதுவா,
துடைக்க வழியில்லை.
மறுநாள் விரிப்பு மாற்றியிருந்தார்கள்.
வீட்டுக்கா என்று நான் கேட்கவில்லை.
இன்னும் கேட்கவில்லை.

அடுத்த கேள்வி:
உதவி கேட்கத் தயங்குகிறீர்களா?

படியேறி மூச்சு வாங்க வருகிறாள் நஸீஹா.
தனிமை முடிந்து பத்து நாளாகியும்
பினாயில்கூட மணக்காதவள்.
செவ்வாய்ப்பேட்டையில்
பாதி ஷட்டர் தூக்கிய கடையில் வாங்கிய
தட்டுவடை செட்;
பொட்டலத்தில் பீட்ரூட் சாயம்.
மாஸ்க் தழும்பு அவள் மூக்கில், என் மூக்கிலும்.

ஒரு கடி கடித்தவள் நிற்கிறாள்.
திரும்ப முகர்கிறாள். கத்துகிறாள்:
"ஏய், பூண்டு! பூண்டு தெரியுதுடி!"
எதிர் விடுதி ஜன்னல் ஒன்று திறந்து
என்னவென்று பார்க்கிறது.

கைபேசித் திரை எப்போதோ அணைந்திருந்தது.
எட்டு மணிக்கு டியூட்டி.
கடைசி வடையை
நான் விட்டுக்கொடுக்கவில்லை,
அவள்தான் பிடுங்கித் தின்றாள்.