கடைசி ஆள்

முக்குரோட்டில் பதினான்கு சைக்கிள்.
சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர்கள்,
இரவுப் பணி முடித்து வந்தவர்கள்,
தூக்கத்தை முடிக்காமலே வந்தவர்கள்.
என் பையில் காற்றுப் பம்பு, ஒட்டுத்துண்டு, பசைக்குழாய்.
ஆகவே நான் கடைசி.
யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்ததில்லை.
பம்பு வைத்திருப்பவன் பின்னால் வர வேண்டும்,
அவ்வளவுதான் சட்டம்.

இரண்டு வருஷமாக
இவர்களை எனக்கு முதுகாகத்தான் தெரியும்.
பத்திரம் எழுதும் சோணைமுத்துவுக்கு
முதலில் நனைவது இடது தோள்பட்டை.
ஜெசிந்தா சிஸ்டர் சிரித்தால் ஜடை குலுங்கும்;
சத்தம் காற்றில் நழுவி
என்னிடம் வந்து சேரும்போது
எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்திருப்பேன்.
துபாயிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் அமீன்
ஒவ்வொரு பாலத்திலும் எழுந்து நின்று மிதிக்கிறான்.
விடுப்பு முடிய இன்னும் பதினோரு நாள்.

ஏர்வாடி தாண்டியதும் கச்சான்
மார்பில் கைவைத்துத் தள்ளுகிறது.
பேச்சு நின்றுபோகும் இடம் இது.
ஜோடி ஜோடியாக வந்தவர்கள் ஒற்றை வரிசையாகி
ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிகிறார்கள்.
முதல் ஆள் களைத்து ஒதுங்கினால்
அடுத்த ஆள் காற்றை வாங்கிக்கொள்கிறார்,
கல்யாண வீட்டில் அண்டா கைமாறுவதுபோல்.
அந்த அண்டா என் கைக்கு வந்ததே இல்லை.

எனக்கு முன்னால் ரிஃபாயா.
முப்பத்தெட்டு வயதில் சைக்கிள் பழகி
இது மூன்றாவது ஞாயிறு.
மகனுக்குக் குட்டையாகிப்போன வண்டி,
மட்கார்டில் பாதி கிழிந்த டைனோசர்.
"நீங்க முன்னாடி போங்க காக்கா. நான் மெல்ல வர்றேன்."
"எனக்கு முன்னாடி போகத் தெரியாது."
"பொய்."
அதற்குமேல் பேச அவளிடம் மூச்சில்லை.
என்னிடமும்.

உப்பளத்துப் பக்கம் முள் குத்தியது.
வழக்கம்போல் சீமைக்கருவேலம்,
வழக்கம்போல் சோணைமுத்து.
ஊருக்கெல்லாம் வில்லங்கம் பார்த்துக் கொடுப்பவர்
ரோட்டில் கிடக்கும் வில்லங்கத்தைப் பார்ப்பதில்லை.
டியூபைப் பாத்தித் தண்ணீரில் அமுக்கி
குமிழி வந்த இடத்தில் விரல் வைத்தேன்.
ஒட்டு காய்வதற்குள் விரலில் உப்பு பூத்துவிட்டது.
பூநாரை இல்லாத மாதம்.
ஓலை போர்த்திய ஒரே அம்பாரத்தை
அமீன் ஒன்பது படம் எடுத்தான்.

வாலிநோக்கத்தில் ரோடு தானாக முடிகிறது.
அப்புறம் மணல். அப்புறம் வள்ளங்கள்.
தலைக்கவசத்தோடு நின்ற எங்களை
கூடை இறக்கிக்கொண்டிருந்த ஒருத்தி
ஏற இறங்கப் பார்த்தாள்.
"எங்க போறீய?"
"இங்கதான்."
"இங்கயா? இங்க என்ன கெடக்கு?"
பதினான்கு பேரும் கடலைப் பார்த்தோம்,
அது சொல்லட்டும் என்று.
"நண்டு வேணும்னா இருக்கு" என்றாள்.
ஜெசிந்தா ஒரு கிலோ வாங்கினாள்.

திரும்ப வேண்டும்.
ஒரு பக்கம் வலை காய்கிறது,
மறு பக்கம் மீன் வண்டிக்கு ஐஸ் ஏறுகிறது.
வட்டமடிக்க இடமில்லாமல்
அவரவர் நின்ற இடத்திலேயே
வண்டியைத் தூக்கித் திருப்பினார்கள்.
நானும் திருப்பினேன்.
எதிரில் யாருமே இல்லை.

வெறும் ரோடு இவ்வளவு அகலமா?
கச்சான் இப்போது முதுகில் கைவைத்தது;
மிதிக்காமலே ஓடுகிறது வண்டி.
எவ்வளவு வேகம் போகலாம்,
பள்ளத்துக்கு எந்தக் கையைக் காட்டுவது,
முன்னால் போகிறவர்கள் இதையெல்லாம்
எங்கே கற்றுக்கொள்கிறார்கள்?
பின்னால் பதின்மூன்று முகம்.
எனக்கு முதலில் நனைவது எந்தத் தோளோ.

ரிஃபாயாவின் குரலைக் காற்று
ஓர் எழுத்துச் சிந்தாமல் கொண்டுவந்தது:
"காக்கா, ஒங்க பின்லைட்டு எரியவே இல்லயே!"

எத்தனை மாதமாகவோ.
சொல்ல அங்கே ஆள் இருந்ததில்லை.

பள்ளம் வந்தது.
இடக்கையை இறக்கிக் காட்டினேன்.
நண்டுப் பை ஒன்று சுரண்டிக்கொண்டே
ஒதுங்கி வந்தது.