முந்நூறு ஓம்

என் ஹெட்ஃபோன் முந்நூறு ஓம்.
எங்கள் ஊர்ப் பேச்சில் அது
முந்நூறு தரம் சம்மதம்.
மின்சாரத்தின் பேச்சில் நேரெதிர்,
முந்நூறு தரம் மாட்டேன் என்கிற பிடிவாதம்.
கைபேசி எவ்வளவு கெஞ்சினாலும்
முனகுமே தவிர வாய் திறக்காது.
அதனால்தான் ஒரு ஆம்ப் தேடி அலைந்தேன்.

வின்னிபெக், போர்ட்டேஜ் அவென்யூ, மூன்றாம் மாடி.
ஆலங்கட்டி மழை அடித்துப்போட்ட கோதுமைக்கு
நட்டஈடு கணக்குப் பார்க்கும் கந்தோர்.
ஓர் அறை. நான்கு மேசை. இடுப்பளவு தடுப்பு.
வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
உள்ளே ஓரெஸ்ட் பீட்ரூட் சூப் உறிஞ்சுகிறான்,
மூன்று வருடமாக, பதினொன்றரைக்கு.

முதலாவது ஆம்ப் அவனுடைய மைத்துனரின் இரவல்.
செங்கல் பாரம்.
மண்டபத்தையே அதிர வைக்கும் என்றார்.
எனக்கு மண்டபம் வேண்டாம்.
தோளைத் தொடாமல் யாரும் கூப்பிட்டால்
திரும்பிப் பார்க்கிற அளவு போதும்.
குமிழை எட்டு மணிக்குத் திருப்பினால் இரைச்சல்,
ஏழு மணியில் ஒன்றுமேயில்லை.
நடுவில் ஒரு மயிரிழை இருந்தது.
அங்கே மிருதங்கத்தின் இடந்தலை
இடது காதுக்கு மட்டும் வந்து சேர்ந்தது.
வலது காது
இன்னும் பஸ் தரிப்பில் நின்றுகொண்டிருந்தது.

பக்கத்து மேசை மாரிவிக் கேட்டாள்,
‘நுளம்பு பாடுகிறதா?’
என் ஹெட்ஃபோனுக்கு முதுகில் வலைதான், கதவில்லை.
உள்ளே உள்ளது வெளியே ஒழுகும்.
மாசி மாதத்தில், இந்த ஊரில், நுளம்பு!
அவளும் சிரித்துவிட்டாள்.

இரண்டாவது, வால்வு வைத்தது.
இரண்டு கண்ணாடிக் குழாய்களுக்குள்
செம்மஞ்சளாய் ஏதோ விழித்திருந்தது.
பேகடா அதில்
நெய்யில் இறக்கினது போலிருந்தது. பொய் சொல்லமாட்டேன்,
அதையே எடுத்திருப்பேன்.
மூன்றாம் நாள் கட்டடப் பொறுப்பாளர் வந்து
‘ஹீட்டர் தடை’ என்று ஒரு தாளை ஒட்டினார்.
இது ஹீட்டர் இல்லை என்று விளக்கத் தொடங்கியபோது
அதன்மேல் காய்ந்துகொண்டிருந்தன
மாரிவிக்கின் கம்பளிக் கையுறைகள்.

மூன்றாவது, சவர்க்காரப் பெட்டி அளவு கறுப்பு.
அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை.
இருநூற்று நாற்பது டொலர், வரி தனி.
பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பலாம்.

ஆம்பைச் சோதிக்கப் பாட்டு உதவாது.
பாட்டு எல்லாக் குறையையும் மூடிவிடும்.
எதையும் ஓடவிடாமல்
குமிழை முழுக்கத் திருப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.
காத்திருந்தேன்.
இரைச்சல் இல்லை, உறுமல் இல்லை,
மூச்சுக்கூட இல்லை.
அப்படியொரு சுத்தமான ஒன்றுமில்லாமையை
நான் அதுவரை காசு கொடுத்து வாங்கியதில்லை.

அந்த ஒன்றுமில்லாமைக்குள், வலை வழியாக,
அச்சுப்பொறி அருகே கேலின் குரல் வந்தது.
‘காதில் பூட்டியிருக்கிறது, ஆளுக்குக் கேட்காது’
என்று யாருக்கோ சொன்னாள்.
பிறகு,
‘ஏப்ரலுக்குப் பிறகு மூன்று மேசை போதும்.’

எந்த மூன்று என்று சொல்லவில்லை.
ஓரெஸ்ட் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தான்.
மூலை மேசையில் பிரையோனி
தன் கதிரையின் உயரத்தைச் சரிசெய்தாள்,
நீண்ட நாள் இருக்கப்போகிறவளைப் போல.
நான் தலையை அசைக்கத் தொடங்கினேன்,
மெதுவாக, இல்லாத தாளத்துக்கு.

மாரிவிக் தடுப்பின் மேலால் எட்டி,
தன் காதைத் தொட்டு
என்ன கேட்கிறாய் என்றாள்.
இன்னும் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.
தமிழில் சொல்லியிருந்தால்
இரண்டு பொய்யில் ஒன்றாவது உண்மையாகியிருக்கும்.

ரசீதை எடுத்துத் திகதி பார்த்தேன்.
பதினெட்டு நாள் மிச்சம்.
குமிழைக் கீழே இறக்கி, பேகடாவைத் தொட்டு,
ஒரு நூல் அளவு ஏற்றினேன்.
நல்ல ஆம்ப்தான்.
இரண்டு காதிலும்
ஒரே நேரத்தில் தொடங்கியது.